கைபிரேக் இழுக்காத ஊரில் பட்டன் ஸ்டார்ட்

சங்கத்தின் ஆண்டு மலருக்கு நான் ஒரு கட்டுரை எழுதித் தரவேண்டுமாம். செங்கல்பட்டு வட்டாரத்து ஆட்டோ எலக்ட்ரீஷியன்களின் வாட்ஸப் குழுவில் செயலாளர் தம்பி குரல் பதிவு போட்டிருந்தார். "ஏகாம்பரம் அண்ணாத்த, நம்ம ஊருக்கு பட்டன் ஸ்டார்ட்டு கொண்டாந்ததே நீங்கதான். அந்தக் கதைய நாலு பக்கம் எழுதிக் குடுங்க. போட்டோ ஒண்ணும் அனுப்புங்க, சிரிச்சா மாதிரி."

கொண்டுவந்தது நானில்லை, கூரியர்காரர். டெல்லியிலிருந்து அட்டைப்பெட்டியில் வரும். நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்த கார்களின் டேஷ்போர்டைப் பிரித்து அந்தப் பெட்டிக்குள் இருந்ததை உள்ளே திணித்தது மட்டும்தான் நான். சாவியைத் திருகி வண்டி எடுப்பது கேவலம், பட்டனை அமுக்கி எடுப்பது கௌரவம் என்று ஜனங்கள் திடீரென்று ஒரு நாள் முடிவு செய்தார்கள். மணிக்கட்டை ஒரு கால் வட்டம் திருப்புவதில் அப்படி என்ன கஷ்டம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

எனக்குக் கண் பார்வை மங்கியதால் ஓய்வு பெற்றேன் என்று குழுவில் ஒரு பேச்சு உண்டு. என் கண் நன்றாகத்தான் இருக்கிறது. அரிசியில் கல் பொறுக்குவது இப்போது என் வேலைதான், வீட்டில் கேட்டுப் பாருங்கள். கோவளத்து டிரைவர் அந்தோணியின் கால் ஒடிந்ததும், ஒடிந்த காலுக்கான பழியை அவன் மேலேயே போடப் பார்த்ததும்தான் என்னை வீட்டில் உட்காரவைத்தன. எழுதச் சொன்னதால் அதைத்தான் எழுதப்போகிறேன். மலருக்கு விளம்பரம் கொடுத்த முதலாளிமார் மனம் கோணுமென்று எடுத்துவிட்டால், அது அவர்கள் பாடு.

தொழில் கற்றதை நீட்டி முழக்க ஒன்றுமில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பேட்டரிக் கடை. இரண்டு வருஷம் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றினேன், மூன்று வருஷம் செல்ஃப் மோட்டார் கழற்றினேன், என்னிடமிருந்த எல்லா பேண்ட்டிலும் ஆசிட் ஓட்டை. பெண் பார்க்கப் போன பேண்ட்டிலும் ஓட்டை. கொடுத்த பஜ்ஜித் தட்டை மடியில் வைத்தே மறைத்துக்கொண்டிருந்தேன். அதன்பிறகு ஜி.எஸ்.டி. ரோட்டில் சம்பத்தின் கார் அலங்காரக் கடையில் சேர்ந்தவன், கடைசிவரை அங்கேதான்.

சம்பத்து என் முதலாளி. வாய் நிறையச் சிரிப்பு. சட்டைப் பையில் மூன்று பேனா, ஒன்றிலும் மை கிடையாது. எந்த வேலையைச் சொன்னாலும் "பத்து நிமிஷ வேல, தலைவரே" என்பார். ஹாரன் மாற்றுவதும் பத்து நிமிஷம், ஒயரிங் முழுக்க எரிந்து கயிறு கட்டி இழுத்து வந்த வண்டியும் பத்து நிமிஷம். கத்தவே மாட்டார். கோபம் வந்தால் குரல் இன்னும் தணியும். "ஏகாம்பரம்" என்று அவர் மெதுவாகக் கூப்பிட்டால் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிடுவேன்.

அவருக்கு ஒரு வழக்கம். புதுப் பெட்டியைப் பிரித்ததும், உள்ளே மடித்து வைத்திருக்கும் விளக்கத் தாளை வாடிக்கையாளர் கண் முன்னால் கசக்கிக் குப்பைக்கூடையில் போடுவார். "படிச்சுப் பாத்து மாட்றவன்கிட்ட வண்டிய வுடாதீங்க தலைவரே. நம்ம கடையில எல்லாம் மண்டையில கீது." மண்டை என்று அவர் சொன்னது என் மண்டையை. வாடிக்கையாளரை அவர் டீக்கடைக்கு அழைத்துப் போனதும், நான் குப்பைக்கூடையில் கையை விட்டு, வாழைப்பழத் தோலுக்கு அடியிலிருந்து அந்தத் தாளை எடுத்து, தொடையில் வைத்து நீவிப் படிப்பேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலமெல்லாம் அப்படிக் குப்பையிலிருந்து கற்றதுதான்.

இனி மாட்டும் முறை. தம்பிகள் வீடியோ பார்த்து மாட்டுகிறார்களாம், சந்தோஷம். இருந்தாலும் எழுதிவைக்கிறேன். முதலில் ஸ்டியரிங்கிற்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்று. சாவித் துளைக்குப் பின்னால் ஐந்தாறு தடித்த ஒயர் வரும். கலரை நம்பாதே, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டெஸ்ட் லேம்பால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார். சாவியே போடாமல் எரிந்தால் நேர் கரண்ட். முதல் திருப்பில் எரிவது பாட்டுப்பெட்டிக்கு. அடுத்த திருப்பில் எரிவது இன்ஜினுக்கு. அதில் இரண்டு இருக்கும், ஒன்றை விட்டுவிட்டால் வண்டி ஓடும், ஏசி வராது. கடைசித் திருப்பில் மட்டும் எரிவது செல்ஃபுக்கு. இவற்றோடு புதுப் பெட்டியின் ஒயர்களை முறுக்கி, சால்டர் வைத்து, டேப் சுற்றவேண்டும். சம்பத்துக்கு சால்டர் என்றாலே ஆகாது, அது பத்து நிமிஷத்தில் அடங்காது. பிரேக் மிதித்தால்தான் பட்டன் வேலை செய்யவேண்டும் என்பதற்காக பிரேக் லைட் ஒயரிலிருந்து ஒரு கிளை.

கடைசியாக ஒரு மெல்லிய ஒயர், கைபிரேக்கின் சுவிட்சுக்கு. இது ரிமோட்டுக்காக. வண்டிக்குள் ஆளே இல்லாமல், தூரத்திலிருந்து ரிமோட்டை அமுக்கி ஸ்டார்ட் செய்யும்போது, கைபிரேக் இழுத்திருந்தால்தான் இந்த மெல்லிய ஒயருக்கு எர்த் கிடைக்கும். எர்த் கிடைக்காவிட்டால் பெட்டி ஸ்டார்ட் கொடுக்காது. கைபிரேக்கை இழுத்தவன் கியரையும் நியூட்ரலில் விட்டிருப்பான் என்பது பெட்டி செய்தவனின் நம்பிக்கை. கியரில் நிற்கிற வண்டியை ஸ்டார்ட் செய்தால் அது பாய்ந்து ஓடும் அல்லவா? அதனால் தாளில் இந்த ஒயருக்கு மட்டும் கட்டம் கட்டி, மண்டை ஓடு படம் போட்டு, நேராக எர்த் செய்யாதே என்று எழுதியிருக்கும். வாழைப்பழக் கறையோடு நான் அதை நூறு தடவையாவது படித்திருப்பேன்.

இன்னும் இரண்டு வேலை உண்டு, அவற்றை வாடிக்கையாளரிடம் சொல்வதில்லை. சாவி இல்லாவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும், ஆகவே பூட்டின் நாக்கைப் பிடுங்கிவிடுவோம். சாவியின் தலையில் ஒரு சிப் இருக்கும், அது பக்கத்தில் இல்லாமல் இன்ஜின் எழுந்திருக்காது. ஆகவே அவருடைய இன்னொரு சாவியை வாங்கி, தலையை அறுத்து, டேஷ்போர்டுக்குள் நிரந்தரமாக ஒட்டிவிடுவோம். ஆகமொத்தம், சாவியில்லா வண்டி என்பது உள்ளேயே சாவியை வைத்துக்கொண்டு, பூட்டும் இல்லாமல் தெருவில் நிற்கிற வண்டி. இதற்கு எலுமிச்சம்பழம் நசுக்கி, பூசணிக்காய் உடைத்து, ரிமோட்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, தாம்பாளத்தில் கொடுப்பார் சம்பத்து. வாங்குகிறவரும் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

மதுராந்தகம் நெல் மண்டிக்காரர் ஒருவர் அப்படி ஒற்றிக்கொண்டு போனவர்தான். மகளுக்குக் கல்யாணம் முடிந்த மறுநாள், மண்டபத்து வாசலில் வண்டியை ஓடவிட்டபடியே இவர் இறங்கிக்கொண்டார். புது மாப்பிள்ளை பெண்ணை ஏற்றிக்கொண்டு வேடந்தாங்கலுக்குப் பறவை காட்டப் போய்விட்டார். ரிமோட் பக்கத்தில் இல்லாமல் பட்டன் ஸ்டார்ட் கொடுக்காது, அதுவோ மாமனாரின் ஜிப்பாப் பையில். ஓடுகிற வண்டியை இந்தப் பெட்டி நிறுத்தாது, கீக்கீக் என்று கத்தும், அவ்வளவுதான். பறவைச் சத்தம் என்று நினைத்தார்களோ என்னவோ. ஏரிக்கரையில் நிறுத்தி அணைத்தவர்கள் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். மண்டிக்காரர் எனக்குப் போன் செய்தார். "மாப்பிள்ள வண்டிக்குள்ள ஒக்காந்துகினு கொக்கு பாத்துகினே கீறாரு ஏகாம்பரம். பொண்ணு அழுவுது. இன்னா சாமான்யா இது?" நான் பஸ் பிடித்து மதுராந்தகம் போய், அவரிடம் ரிமோட்டை வாங்கிக்கொண்டு, இன்னொரு பஸ் பிடித்து வேடந்தாங்கல் போனேன். மாப்பிள்ளை அமுக்கிய அமுக்கில் பட்டன் உள்ளே போய்விட்டிருந்தது. சிரிப்பாய்ச் சிரித்தேன். அப்போதெல்லாம் இந்தப் பெட்டியால் வருகிற கஷ்டம் இவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் கோவளம் அமீது பாய் வந்தார். ஐஸ் கம்பெனி வைத்திருந்தார். படகுகளுக்கும் ஈ.சி.ஆர். ரிசார்ட்டுகளுக்கும் அவர் ஐஸ்தான். நாள் முழுக்க ஐஸ் பாளத்துக்குப் பக்கத்தில் நிற்கிற மனுஷனுக்கு, காரில் ஏறும்போது சீட்டு சுடுகிறது என்பது பெரிய குறை. மாடியில் நின்று ரிமோட்டை அமுக்கினால் கீழே வண்டி தானே ஸ்டார்ட் ஆகி, ஏசி ஓடி, நீங்கள் படியிறங்கி வருவதற்குள் சில்லென்று ஆகிவிடும் என்று சம்பத்து சொன்னதும் பாயின் முகம் மலர்ந்துவிட்டது. வண்டி பழைய டீசல் கார், கியர் வண்டி. "கியர் வண்டியிலயும் ஆவுமா?" என்று கேட்டார். "பத்து நிமிஷ வேல, பாய்" என்றார் சம்பத்து.

வண்டியைக் கொண்டுவந்தவன் அந்தோணி. கோவளத்துக்காரன், நாற்பதைத் தொட்ட வயசு, பாயிடம் பன்னிரண்டு வருஷமாக டிரைவர். என் வண்டி என்றுதான் சொல்வான். நான் ஒயர் தேடிக்கொண்டிருந்தபோது பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் கைக்குட்டையால் ஏசி ஓட்டைகளில் தூசி எடுத்துக்கொண்டிருந்தான். எனக்கும் சேர்த்து டீ வாங்கி வந்தான். எல்லாம் மாட்டி முடித்து, நியூட்ரலில் போட்டு, கைபிரேக்கை இழுத்து ரிமோட்டை அமுக்கினேன். ஸ்டார்ட் ஆனது. கைபிரேக் திரும்ப இறங்க மாட்டேன் என்று அடம் பிடித்தது, உள்ளங்கையால் நாலு குத்துவிட்டு இறக்கினேன். பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாளே அந்தோணி வந்து நின்றான். "கடையில நல்லா கீது அண்ணாத்த. வூட்டுக்குப் போனா ரிமோட்டு மொறைக்குது." நான் கைபிரேக்கை இழுத்து அமுக்கினேன், ஸ்டார்ட் ஆனது. போனான். இரண்டு நாள் கழித்துத் திரும்ப வந்தான், அதே கதை. கடையில் ஓடும், வீட்டில் ஓடாது. நான் யோசித்தேன், பெரிய மேதாவி மாதிரி. கோவளம், கடலோரம், உப்புக் காற்று. கைபிரேக் சுவிட்சில் துரு ஏறியிருக்கும், ஒரு நேரம் ஒட்டும், ஒரு நேரம் ஒட்டாது. சுவிட்சைத் தேய்த்துச் சுத்தம் செய்து அனுப்பினேன். மூன்றாவது தடவை பாயே கூட வந்துவிட்டார். கடையில் வேறு நாலு வாடிக்கையாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னா சம்பத்து, பொம்ம வாங்குனா மாதிரி ஆயிப்போச்சு? வூட்ல கொழந்தைங்கல்லாம் சிரிக்குதுங்கோ" என்றார் பாய்.

சம்பத்து சிரித்தபடியே என் பக்கம் திரும்பினார். "ஏகாம்பரம்." மெதுவாகத்தான் கூப்பிட்டார். "அந்த சின்ன ஒயர எர்த் பண்ணி வுட்டுடு."

"தாள்ல வேணாம்னு போட்டு கீது, மொதலாளி."

"எந்தத் தாளு?"

கடையில்தான் தாளே கிடையாதே. விரல் நீளத்துக்கு ஒரு கறுப்பு ஒயர் எடுத்தேன். மெல்லிய ஒயரோடு ஒரு முனையை முறுக்கி, மறு முனையை பாடி போல்ட்டில் வைத்து இறுக்கினேன். இனி கைபிரேக் இழுத்தாலும் இழுக்காவிட்டாலும் பெட்டிக்கு எர்த் கிடைத்துக்கொண்டே இருக்கும். என் கையைப் பிடித்து யாரும் செய்யவைக்கவில்லை. சுவிட்சில்தான் துரு, பிரேக்கை எப்படியும் இழுத்துத்தானே நிறுத்துவார்கள் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். நிஜத்தில் அந்த வண்டியில் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது அந்த ஒன்றுதான், அதைத்தான் நான் ரிப்பேர் செய்தேன்.

மறுநாள் காலை பத்து மணி. பாய் மாடியில் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே ரிமோட்டை அமுக்கியிருக்கிறார். கீழே அந்தோணி வண்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நம்பர் பிளேட்டில் படிந்த உப்பைத் துடைத்துக்கொண்டிருந்தான். வண்டி முதல் கியரில் நின்றது. ஒரு உதறு உதறி, இன்ஜின் பிடித்துக்கொண்டு, டயருக்கு முன்னால் வைத்திருந்த செங்கல்லின் மேல் ஏறிப் பாய்ந்தது. அவன் எழுந்திருக்கப் பார்த்தான். பம்பருக்கும் கேட் தூணுக்கும் நடுவில் இடது கால் மாட்டிக்கொண்டது. தூணில் மோதிய பிறகுதான் வண்டி நின்றது. முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் எலும்பு ஒடிந்தது.

பாய் போனில் கத்தியது கடையில் எல்லோருக்கும் கேட்டது. சம்பத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பாய், வண்டி கியர்ல இருந்துதா, நியூட்ரல்ல இருந்துதா?" பாய் போய்ப் பார்த்துவிட்டு கியரில் என்றார். "கியர்ல வுட்டது யாரு பாய்?" ரிமோட்டை அமுக்கியவர் பாய். அமுக்கியவருக்குப் பெரிய ஆறுதல் வேண்டும். சம்பத்து அதைத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்துவிட்டார்.

சாயங்காலமே கோவளம் கிளம்பினோம். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் சம்பத்து பேசினார். "டேஷ் கீழ செக் பண்றா மாதிரி படுத்து, அந்த எர்த் ஒயர எடுத்துடு. வேற எதையும் பேசாத. பேசறது நான் பேசிக்கிறேன்."

"அந்தோணிக்கு இன்னா கதி, மொதலாளி?"

"பழி எங்கனா வுழுந்துதான் ஆவணும் ஏகாம்பரம். கட மேல வுழுந்தா நம்ம எட்டு பேரு சோறு. அவன் மேல வுழுந்தா அவன் ஒருத்தன்." சொல்லிவிட்டு மாமல்லபுரத்தில் நிறுத்தி, எனக்கு ஒரு இளநீர் வாங்கிக் கொடுத்தார். நானும் குடித்தேன். வெட்கம் கெட்ட வயிறு, வழுக்கையையும் வழித்துத் தின்றேன்.

பாய் வீட்டு முற்றத்தில் வண்டி மூக்கு நசுங்கி நின்றது. கேட்டருகே அந்தோணியின் மனைவி ஸ்டெல்லா நின்றுகொண்டிருந்தாள். மீன் விற்பவள், கூடையைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்திருந்தாள். பாய் அவளிடம், "கியர்ல வுட்டது உன் வூட்டுக்காரன். அவனா தேடிக்கினது. இனிமே அவன் வேலைக்கு வர வேணாம். ஆஸ்பத்திரி செலவும் என்ன கேக்காத" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சம்பத்தும் வருத்தமாக உச்சுக்கொட்டினார்.

நான் டேஷ்போர்டுக்குக் கீழே மல்லாந்து படுத்தேன். நேற்று நான் சுற்றிய டேப் அப்படியே பளபளவென்று இருந்தது. கறுப்பு ஒயரைக் கட்டிங் பிளேயரால் இரண்டு பக்கமும் நறுக்கினேன். சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். எழுந்து வந்து, "எல்லாம் சரியா கீது" என்றேன். ஆமாம், சொன்னேன். இந்த இடத்தை நாகரிகமாக மழுப்பலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன், வரவில்லை.

சம்பத்து உடனே கச்சேரியை ஆரம்பித்தார். கியரை நியூட்ரலில் தள்ளினார். கைபிரேக்கைத் தொடாமல் ரிமோட்டை அமுக்கினார். வண்டி அசையவில்லை. "பாத்தீங்களா பாய்? கைபிரேக் இழுக்கலன்னா நம்ம சாமான் ஸ்டார்ட்டே குடுக்காது. அவ்ளோ சேஃப்டி. உங்க டிரைவரு கைபிரேக்க அரகொறையா இழுத்து, கியர்லயும் வுட்டுட்டு போயிருக்கான்."

பாய் தலையாட்டப் போனார். ஸ்டெல்லாதான் குறுக்கே வந்தாள்.

"கைபிரேக்கா? எந்தக் கைபிரேக்கு? இந்த ஊர்ல எவன்யா கைபிரேக் இழுக்கறான்?"

சம்பத்துக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. நாங்கள் செங்கல்பட்டுக்காரர்கள்.

"உப்புக் காத்துல கேபிளு இறுகிக்கும். ராவுல இழுத்து வுட்டா காலையில எறங்காது. அதான் கியர்ல போட்டு, டயருக்கு ஒரு செங்கல்லு வெப்பாங்கோ. கோவளத்துல எல்லா வூட்லயும் அப்படித்தான். பாயே அப்படித்தான் வுடுவாரு. எங்க வூட்டுக்காரருக்குச் சொல்லிக் குடுத்ததே அவருதான். இன்னா பாய், இல்லன்னு சொல்லு பாக்கலாம்?"

பாய் போய் வண்டிக்குள் குனிந்து கைபிரேக்கைப் பிடித்து, பல்லைக் கடித்து இழுத்தார். பாதி எழுந்தது. இறக்கப் பார்த்தார், இறங்கவில்லை. அவருக்கே தெரிந்த விஷயம்தான், கோபத்தில் மறந்திருந்தார். நிமிர்ந்து சம்பத்தைப் பார்த்தார்.

"பன்னெண்டு வருசத்துல அந்தோணி இதத் தொட்டதே இல்ல சம்பத்து. கைபிரேக் இல்லாம ஸ்டார்ட் ஆவாதுன்னா, காலையில நான் அமுக்குனதும் எப்படி ஆச்சு?"

"அது... பாய், சில சமயம்..." சம்பத்து சிரித்தபடியே பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்துத் திருகினார்.

ஸ்டெல்லா அவரைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்தாள். "நீதானே மாட்டுன? நீ சொல்லு."

நான் தைரியசாலி என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அவள் கேட்காமல் இருந்திருந்தால் சம்பத்தின் வண்டியிலேயே ஏறி, இன்னொரு இளநீர் குடித்துவிட்டு வீடு வந்திருப்பேன். கேள்வி நேராக என்னிடம் வந்துவிட்டது. பையிலிருந்த கறுப்பு ஒயரை எடுத்து பானட்டின் மேல் வைத்தேன். "நான்தான் பாய். நேத்து இத மாட்டினேன், இப்போ கீழ படுத்து வெட்டிட்டேன். இது இல்லாம இருந்திருந்தா வண்டி எழுந்திருக்கவே எழுந்திருக்காது. மூணு வாட்டி ரிமோட்டு வேல செய்யலன்னு வந்தீங்களே, அது வேல செய்யாம இல்ல. உங்களக் காப்பாத்திக்கினு இருந்துது."

அமீது பாய் அந்த ஒயரைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இத்தினியூண்டு" என்றார். பிறகு ஸ்டெல்லாவிடம், "ஆஸ்பத்திரிக்குப் போம்மா, நான் பின்னாடியே வரேன்" என்றார். சம்பத்தைப் பார்த்து ஒரே வார்த்தை சொன்னார், அதை மலரில் அச்சிட முடியாது.

சம்பத்து கேட்டுக்கு வெளியே வந்ததும் என் தோளில் கை போட்டார். குரல் காற்றைவிட மெதுவாக இருந்தது. "ஏகாம்பரம், உனக்கு வயசாயிடுச்சு. கண்ணும் சரியில்ல. இனிமே கடைக்கு வர வேணாம்." என்னை ஏற்றிக்கொள்ளாமல் போய்விட்டார். கோவளத்திலிருந்து மூன்று பஸ் மாறி வீடு வந்தேன். குழுவில் சுற்றுகிற கண் பார்வைக் கதை அன்றைக்குப் பிறந்ததுதான். சம்பத்தின் கடையில் இன்றும் பெட்டிகள் வருகின்றன, தாள்கள் கூடைக்குப் போகின்றன.

அமீது பாய் சொன்னபடியே பின்னாலேயே ஆஸ்பத்திரிக்குப் போனார். ஆபரேஷன் செலவு முழுக்க அவருடையது. அந்தோணிக்கு ஐஸ் கம்பெனி வாசலில் நாற்காலி போட்டு, படகுக்காரர்களுக்கு டோக்கன் கொடுக்கிற வேலை கொடுத்தார். கால் முன்போல மடங்காது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். இடது கால் இல்லையா, கிளட்ச் மிதிக்கிற கால். என் வண்டி என்று சொல்லிக்கொண்டிருந்தவன் இனி அதை ஓட்ட முடியாது. பாய் நல்லவர்தான். ஆனால் ஆறு மாசம் கழித்து எனக்குப் போன் செய்து, "ஏகாம்பரம், ஸ்டார்ட்டெல்லாம் வேணாம்பா. மேலயிருந்தே ஏசி மட்டும் போடறா மாதிரி எதுனா சாமான் கீதா?" என்று கேட்டார். நான் போனை வைத்துவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் போனேன். கையில் சாத்துக்குடிப் பை. அந்தோணியின் காலில் இரும்புக் கம்பிகள், அடியில் இரண்டு தலையணை. மன்னிப்புக் கேட்கும் வசனமெல்லாம் பஸ்ஸிலேயே தயார் செய்து வைத்திருந்தேன். அவன் கைகாட்டி நிறுத்தினான்.

"ஸ்டெல்லா எல்லாம் சொல்லிச்சு அண்ணாத்த. நீ சொன்னதாலதான் பாய் வந்தாரு. அது செரி." குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"மூணு வாட்டி உன் கடைக்கு வந்தேன். மூணு வாட்டியும் உன் பக்கத்து சீட்லதான் ஒக்காந்துகினு இருந்தேன். டீ வாங்கியாந்து குடுத்தேன். ஏன் வூட்ல மட்டும் ஸ்டார்ட் ஆவலன்னு ஒயரு ஒயரா தொட்டுத் தொட்டுப் பாத்த. அந்தோணி, வூட்ல வண்டிய எப்படிடா நிறுத்துவ நீன்னு என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"கேக்கல."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே, அண்ணாத்த."